விரிப்பின் மஞ்சள்

டிவியில் அந்த மேஜை விரிப்பு செத்துக் கிடந்தது. பளிச்சென்று இருக்க வேண்டிய மஞ்சள், கொடியில் போட்டு மறந்துபோன துணி மாதிரி வெளுத்துத் தெரிந்தது. மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. அந்த மஞ்சளைப் போட்டவரே அவர்தான்.

முப்பத்தொரு வருடம் சாய ஆலையில் நிறம் பார்த்தவர். வியாபாரி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, இதே நிறத்தில் நாலாயிரம் மீட்டர் வேண்டும் என்பார். நிறம் வந்துவிட்டதா என்று சொல்ல வேண்டியது இவர். வந்தாச்சு என்றால் துணி வண்டி ஏறும். வரவில்லை என்றால் மறுபடி தொட்டிக்குப் போகும். முதலாளிகூட அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர்தான் மாஸ்டர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு எப்போதும் "இங்க பாருங்க"தான்.

அவளுடைய தம்பி "மாஸ்டர் மாமா" என்று கூப்பிடுவான். அவன் இறந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

விரிப்பு அவனுடைய வீடியோவில் இருந்தது. அவனுடைய ஐம்பதாவது பிறந்த நாளன்று, இதே கூடத்தில், இதே மேஜையில் மதியச் சாப்பாடு. மாஸ்டர்தான் கைபேசியில் எடுத்தார். மொத்தம் ஒன்பது நிமிடம். மகள் வெளியூரிலிருந்து புது டிவி வாங்கி அனுப்பிய பிறகு, மனைவி அந்த வீடியோவை அதில் ஏற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் அவள் நிறுத்திவிட்டு டீ போட எழுந்து போவாள். ஒரு வாரம்கூட ஏழாவது நிமிடம் வந்ததில்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை. மீதி மூன்று நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

டிவி படத்தை அளந்து சரிசெய்து தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று உள்ளூர் டிவி கடையில் சொன்னார்கள். கருவி வைத்து அளப்பாராம். நிறத்தை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார வைப்பாராம். கூலியைக் கேட்டதும் மாஸ்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மாத வீட்டுச் செலவில் பாதி.

மகளிடம் தொலைபேசியில் சொன்னார். டிவிக்குக் கண் டாக்டரா என்று அவள் சிரித்தாள். படம் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றாள். அந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம் என்றும் சொன்னாள். விரிப்பு வெளுத்துத் தெரிகிறது என்றார் அவர். "அப்பா, உங்க விரிப்ப யாரும் விலைக்குக் கேக்கல," என்றாள் மகள்.

மனைவி காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் ஒரு தையலுக்காகக் கால்மணி நேரம் பேரம் பேசி நிற்கிறவள் அவள். இதற்கு, "எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்று மட்டும் சொன்னாள். அந்த வாரத்தில் மூன்று தடவை அதையே சொன்னாள்.

விரிப்பு ஒரு சாக்கு. அவருக்கே அது தெரியும்.

பிறந்த நாளன்று தம்பியும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் எதிரே நின்று எடுத்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்தித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முகம் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டாள். கேட்டது தம்பியிடம்கூட இல்லை, மாஸ்டரிடம். நிறம் என்றால் அந்த வீட்டில் அவரிடம்தான் கேட்பார்கள். துணியின் மஞ்சள் முகத்தில் அடிக்கிறது, லைட் மாறினால் எல்லாம் மாறும் என்று அவர் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏழு வாரம் கழித்து அவன் டாக்டரிடம் போனான். கல்லீரல் என்றார்கள். ஒன்றரை, இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் ஒரே ஒரு தடவை சொன்னார். ஆஸ்பத்திரி நடைபாதையில், மூன்று பேர் நிற்கும்போது. அந்த மூன்று பேரில் யாரும் வீட்டுக்கு வந்த பிறகு அதைத் திரும்பச் சொல்லவில்லை. அதில் ஒருத்தன் இப்போது இல்லை.

அன்றைக்கு அந்த மஞ்சள் இருந்ததா, இல்லையா? அவருக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். துணியின் மஞ்சள்தான் என்றால் அவர் சொன்னது சரி. நோய் பிறகுதான் முகத்துக்கு வந்திருக்கிறது. இல்லையென்றால் அவர் பார்வை பொய். முப்பத்தொரு வருடம் பிழைத்த பார்வை.

தன் கைபேசியில் பலமுறை போட்டுப் பார்த்தார். அதில் விரிப்பே பச்சை தட்டியது. விரிப்பைத் தப்பாகக் காட்டும் திரையில் முகத்தை எப்படி நம்புவது? டிவியில் விரிப்பு வெளுத்திருந்தது, அவன் முகத்திலும் மஞ்சள் தெரியவில்லை. நல்ல ரத்த ஓட்டத்தோடு இருப்பவன் மாதிரி, மனைவிக்குப் பிடித்த மாதிரி இருந்தான். எந்தத் திரை சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூலி.

புதன்கிழமை காலை அளவுக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு தோள்பை, ஒரு முக்காலி, மடித்த கறுப்புத் துணி. செருப்பை வாசலில் சுவரோடு சேர்த்து நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாஸ்டருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சன்னலில் கறுப்புத் துணியைக் கட்டினார். கூடம் இருண்டது. டிவிக்கு எதிரே முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் கைக்கடக்கமான கருவி ஒன்றை மாட்டினார். அதிலிருந்து கம்பி லேப்டாப்புக்குப் போனது.

மாஸ்டர் வீடியோவைப் பற்றிச் சொன்னார். விரிப்பைப் பற்றி மட்டும். அளவுக்காரர் கேட்டுக்கொண்டார்.

"டிவிய நான் சரி பண்ணிடலாம் சார். எடுத்த போன் அன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

"அதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு," என்றார் மாஸ்டர்.

அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணி. விரிப்பு வெட்டியபோது மிஞ்சியது. ஓரத்தில் அவர் கையெழுத்தில் நிற எண். வெயில் படாமல், கை படாமல் வைத்திருந்தார். சரிசெய்த டிவியில் விரிப்பு இந்தத் துண்டோடு ஒத்துப்போனால், போனும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அளவுக்காரர் துணியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"சரியான ஆளுதான்," என்றார்.

இருப்பதை முதலில் அப்படியே அளக்க வேண்டும் என்றார். திரையில் வெள்ளை வந்தது. பிறகு சாம்பல், படிப்படியாகக் கறுப்பு வரை. பிறகு சிவப்பு, பச்சை, நீலம். சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. திரையில் மஞ்சள் வந்தபோது அளவுக்காரர் லேப்டாப்பை இரண்டு தடவை பார்த்தார். ரிமோட்டை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டியல்களைத் திறந்துகொண்டே போனார்.

"சார், இத யார் மாத்தினது?"

யாரும் மாற்றவில்லை என்றார் மாஸ்டர்.

"கடையிலேர்ந்து வர்ற டிவி எல்லாம் கொஞ்சம் நீலமாத்தான் இருக்கும். அது வேற. இது கையால பண்ணது. மஞ்சள் மட்டும் பதினெட்டு குறைச்சிருக்கு. அதோட நின்னா முகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி போயிடும்னு செவப்ப மூணு ஏத்திருக்கு. பாத்துப் பாத்து பண்ணிருக்காங்க. ஆறு கதவு தாண்டி உள்ள இருக்கிற இடம் சார் இது. கை தவறி யாரும் போக மாட்டாங்க."

மாஸ்டர் திரையில் இருந்த எண்களைப் பார்த்தார். மஞ்சளில் பதினெட்டைக் கழி, சிவப்பில் மூன்றைக் கூட்டு. கொஞ்சம் எடுத்து, விட்டுப் பார்த்து, போதாமல் இன்னும் கொஞ்சம் எடுத்து, அதனால் கெட்டதை வேறொன்றால் சரிக்கட்டி, மறுபடி பார்த்து. ஆலையில் இதற்குப் பேர் நிறம் எடுப்பது. பழகாத ஆளுக்கு நாள் கணக்கில் ஆகும். இங்கே எடுக்கப்பட்ட நிறம் ஒரு முகம்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

டிவியோடு வந்த புத்தகம் இருக்கிறதா என்று அளவுக்காரர் கேட்டார். அது மனைவியின் இழுப்பறையில் இருந்தது. ஓர் அலுவலகத்தின் பதிவறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் சாமானைத் தொடுவாள். அக்கா மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் விடமாட்டாள் என்று தம்பி சொல்லிச் சிரிப்பான். மாஸ்டர் புத்தகத்தை எடுத்தார். எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் முறை என்று பக்கத்தின் தலையில் அச்சடித்திருந்தது. பென்சிலால் ஒரு கோடு.

புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்தார்.

அளவுக்காரர் நியாயமான மனிதர். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டே சொன்னார்: இந்த இரண்டு எண்ணையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலே விரிப்பு ஓரளவு சரியாகிவிடும். அதற்கு ஒரு நிமிடம் போதும். அதற்காகத் தன் முழுக் கூலியை வாங்க மனசு வராது, வந்துபோன செலவு மட்டும் கொடுத்தால் போதும். முழுசாக அளந்து செய்தால்தான் துல்லியம். எது வேண்டும்?

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று மாஸ்டர் கவனிக்கவில்லை.

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று அவரை அனுப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வரும். ஆறு நிமிடம் பார்ப்பார்கள், அவள் டீ போடப் போவாள். இத்தனை மாதம் அப்படித்தான் போயிருக்கிறது. அவள் அவருக்காக மறைத்தாளா, தனக்காக மறைத்தாளா என்பது தெரியாமலே போய்விடும். தெரியாமல் போவதும் ஒரு வழிதான். மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஈரம் சொட்டியது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அளவுக்காரரைப் பார்க்காமல் இவரைப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் அளந்தீங்க. வீட்டுக்கும் ஒரு தடவை அளந்துடுங்க," என்றாள்.

திரும்பி உள்ளே போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"முழுசாவே பண்ணிடுங்க," என்றார் மாஸ்டர். "ஆனா இப்ப இருக்கிற நம்பர ஒரு அட்டையில எழுதிக் கொடுங்க. ஒண்ணு விடாம."

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாம்பல் கட்டம், எண், மறுபடி சாம்பல் கட்டம். மாஸ்டர் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அளவுக்காரர் கறுப்புத் துணியை அவிழ்த்து நாலாக மடித்தார். கூலியை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். முதல் இரண்டு நாள் படம் மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கும், கண் பழகிவிடும், பயந்துகொண்டு மாற்றிவிடாதீர்கள் என்றார். பழைய எண்கள் எழுதிய அட்டையை டிவிக்குக் கீழே வைத்தார். மனைவி கொண்டுவந்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

இருவரும் சாப்பிட்டார்கள். அவள் தட்டை எடுத்துப் போனாள். வந்து சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்தாள். அன்று புதன்கிழமை என்று இருவரும் சொல்லவில்லை.

வீடியோ ஓடியது. மாஸ்டர் உறையிலிருந்து துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். சன்னல் வெளிச்சம் விழும்படி துணியைத் திருப்பிப் பிடித்தார். திரையில் விரிப்பு, கையில் துண்டு. ஆலையில் செய்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை மூடிப் பார்த்தார். இரண்டும் ஒரே தொட்டியில் முங்கி எழுந்தவை. மயிரிழை வித்தியாசம் இல்லை. வந்தாச்சு.

பிறகுதான் முகங்களைப் பார்த்தார்.

விரிப்பின் மஞ்சள் அக்காவின் தாடைக்குக் கீழே லேசாக அடித்திருந்தது. கன்னத்துக்கு ஏறவில்லை. பக்கத்தில் தம்பி. அதே வெளிச்சம், அதே துணி, அதே தூரம். அவனுடைய நெற்றி வரை மஞ்சள். அவன் சிரித்துக்கொண்டே மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தபோது கண்ணின் வெள்ளை தெரிந்தது. எந்தத் துணியும் அங்கே போய் அடிக்காது. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவன்கூடத் தப்பவிட்டிருக்க மாட்டான்.

அவர் சோபாவுக்குத் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். துண்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது நிமிடத்தில் தம்பி சாம்பாரா ரசமா என்று தெரியாத ஏதோ ஒன்றைக் கரண்டியில் தூக்கிப் பிடித்து, "மாஸ்டர் மாமா, இது எந்த நம்பர்?" என்று கேட்டான். வழக்கமாக அவள் சிரிக்கும் இடம். சிரித்தாள்.

ஆறாவது நிமிடம் வந்தது. ரிமோட் அவள் கையில் இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

திரையில் அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "இங்க பாருங்க, இவன் மொகம் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

பிறகு மாஸ்டரின் குரல். போனுக்குப் பின்னாலிருந்து வந்ததால் எல்லாக் குரலையும்விடப் பெரிதாகக் கேட்டது. "துணி அடிக்குது. லைட்டு மாறினா எல்லாம் மாறும். நீ சாப்புடு."

"மாமா சொன்னா சரிக்கா," என்றான் தம்பி. "இந்த வாய்க்கு முதலாளியே பயப்படுவாரு."

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் அவனப் பாக்கவே இல்ல. போன்ல பாத்துச் சொன்னேன்."

ஆலையில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். படத்தைக் காட்டி நிறம் கேட்கக் கூடாது. துணியைக் கொண்டு வா. படத்தோடு வந்த வியாபாரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவளுக்கும் அது தெரியும். சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்ன கதைகள்தானே.

"தெரியும்," என்றாள். "நான் எதிர்லதான உக்காந்திருந்தேன். போன எறக்கவே இல்ல நீங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. இப்ப கேட்டீங்கல்ல."

திரையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"நீங்க லைட்டுன்னீங்க, நானும் சரின்னு சாப்பாட்டப் பாத்தேன்," என்றாள் அவள். "கண்ணு எனக்கும்தான் இருந்துச்சு. கூட்டிட்டுப் போயிருக்க வேண்டியவ நான்."

"அப்பறம் ஏன் டிவிய மாத்தின?"

அவள் ரிமோட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"அவனப் பாக்கணும். உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். அந்த மஞ்சளோட பாத்தா பக்கத்துல உக்கார முடியல. நாலு நாள் நீங்க தூங்கினப்புறம் மத்தியானத்துல உக்காந்து பண்ணேன். பதினஞ்சுல போகல. பதினெட்டுல போச்சு."

நாலு நாளில் எடுத்திருக்கிறாள். ஆலையாக இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார். அதை அவளிடம் சொல்ல நினைத்தார்.

"இப்ப முடியுதா?" என்று கேட்டார்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது நிமிடத்தில் தம்பி எழுந்தான். அக்கா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, விரிப்பின் முனையைத் தூக்கி அதிலேயே வாயைத் துடைத்தான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். துவைத்தால் இந்த மஞ்சள் போய்விடுமா மாமா என்று கேட்டான். போகாது, நான் போட்டது என்றது மாஸ்டரின் குரல். அவன் குனிந்து கும்பிடு போட்டான். நிமிரும்போது அவன் முகம் திரை முழுக்க வந்தது. மஞ்சள் முகம், மஞ்சள் கண், நல்ல சிரிப்பு. அவன் அப்படித்தான் இருந்தான்.

வீடியோ முடிந்தது. திரை கறுத்தது. அதில் சோபாவும் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

டிவிக்குக் கீழே அட்டை இருந்தது. மாஸ்டர் எழுந்து அதை எடுத்தார். என்ன செய்வது என்று அவளைப் பார்த்தார். துண்டுத் துணியோடு சேர்த்து அதையும் உறைக்குள் போட்டு, வாயை மடித்தார். அலமாரிக்குக் கொண்டுபோகாமல் மேஜைமேல் வைத்தார். யாருக்கு எப்போது வேண்டுமானாலும் கை எட்டும்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். டீ போடும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் எழுந்து போகவில்லை.